வெள்ளையில் மட்டும் வெந்த பசு

ஊசிக்கு மாட்டைப் பிடிப்பது, கன்று இழுப்பது, குடல் கழுவுவது, இதெல்லாம் டாக்டர் உங்களுக்குச் சொல்லித் தருவார். நான் எழுதவில்லை. மாட்டோடு கூட வரும் மனிதர்களைப் பற்றி யாரும் சொல்லித் தரமாட்டார்கள். அதற்காகத்தான் இது.

நான் ஏழாம் கிளாசோடு நின்றவன். பாறசாலைக்குக் கிழக்கே, எல்லையை ஒட்டி, ஒரு மிருக ஆஸ்பத்திரியில் அட்டெண்டராக இருந்தேன். நீங்கள் இப்போது சேர்ந்திருக்கும் அதே வேலை. மாட்டிடம் உதை வாங்கியது கணக்கில்லை. ஆனால் நான் உண்மையிலே பயந்த நாள் ஒன்றுதான். அன்றைக்கு மாடு பயமுறுத்தவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு மீன மாதம், தமிழுக்குப் பங்குனி. மழை இல்லை, புல் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் புது டாக்டர் வந்து கொஞ்ச மாதம்தான் ஆகியிருந்தது. சின்ன வயசுப் பெண், வடக்கே உள்ளவர். பேசுவது மலையாளம். நான் தமிழில் எழுதுகிறேன். பேர் போட்டால் அவருக்குப் பிடிக்காது. டாக்டரம்மா என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காலையிலே சரோஜம் ஓடி வந்தார். செருப்பு இல்லை.

"சாரே, எனக்க பசுவுக்கு ஆசிட் எறிஞ்சாச்சு. ஒண்ணு வாருங்க."

"யாரு எறிஞ்சது?"

"அடுத்த விளையில உள்ள ஞானதாசன் ஆக்கும். வேற யாரு? அவனைப் பிடிச்சு வச்சிருக்கு. எனக்க தம்பி வந்திருக்கான். எனக்குப் பயமா இருக்கு."

பசுவுக்காகப் பயப்படுகிறாரா, தம்பிக்காகப் பயப்படுகிறாரா என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

சரோஜத்தின் புருஷன் தங்கப்பனுக்கும் ஞானதாசனுக்கும் ஒரு கையாலைச் சண்டை உண்டு. கையாலை என்றால் இரண்டு விளைக்கும், அதாவது தோட்டத்துக்கும், நடுவில் உள்ள மண் எல்லை. அது யாருக்கு என்று சண்டை. ஞானதாசன் ரப்பர் பால் எடுத்து ஷீட் அடிக்கிறவர். பால் உறைய ஆசிட் ஊற்றுவார்கள். அதனால் ஆசிட் என்று சொன்னதும் எல்லாரும் அவரைத்தான் பார்த்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நாங்கள் போனபோது முற்றம் நிறைய ஆட்கள். ஞானதாசனை அவருடைய ஷீட் மெஷின் பக்கத்திலிருந்து இழுத்துக் கொண்டுவந்து தென்னை மூட்டில், மரத்தடியில், உட்கார வைத்திருந்தார்கள். சட்டை தோளில் கிழிந்திருந்தது. சரோஜத்தின் தம்பி ரவி எதிரே நின்றான். பனச்சமூட்டில் ஜீப் ஓட்டுகிறவன், நல்ல உடம்பு. கையில் ஒரு வெள்ளைக் கன்னாஸ், பிளாஸ்டிக் கேன். ஞானதாசன் ஆசிட் வைக்கும் கன்னாஸ். மூடி திறந்திருந்தது. நாற்றம் மூக்கில் ஏறியது.

"நான் எறியல்ல. கர்த்தர் அறிய எறியல்ல" என்றார் ஞானதாசன்.

"பின்ன கர்த்தரா வந்து எறிஞ்சிட்டுப் போனாரு?" என்று ஒருவன் கேட்டான். இரண்டு பேர் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

ரோட்டில் ஞானதாசனின் சர்ச் சபை ஆட்கள் வந்து நிற்கத் தொடங்கியிருந்தார்கள். முற்றத்தில் கோயில் கமிட்டிக்காரர்கள் நின்றார்கள். போன மாதம் ஒரு கல்யாண வீட்டில் இவர்கள் எல்லாரும் சேர்ந்துதான் பந்தி விளம்பினார்கள். இப்போது ரோட்டில் ஒரு கூட்டம், முற்றத்தில் ஒரு கூட்டம்.

ரவி டாக்டரம்மாவைப் பார்த்தான். "டாக்டரே, ஆசிட்டுன்னு ஒரு கடலாசுல எழுதித் தாங்க. போலீசுக்கு ஆள் போயிருக்கு. அவங்க வருகதுக்கு முன்ன இவனுக்குக் கையில கொஞ்சம் ஊத்தப் போறேன். கையில மட்டும். எரிச்சல் எப்பிடி இருக்கும்னு தெரியட்டு."

டாக்டரம்மா சொன்னார்: "மாட்டைப் பார்க்காமல் எழுதமாட்டேன்."

"பாருங்க. கண்ணு உண்டுல்ல."

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். டாக்டரம்மா "ஊற்றாதே" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் ஊற்றியிருப்பான். அத்தனை பேர் முன்னால் ஒரு பெண் சொல்லி நிறுத்தினான் என்ற பேர் வருவதற்கு அவன் சம்மதிக்கமாட்டான்.

பசு வெயிலில் நின்றது. கறுப்பும் வெள்ளையுமான கலப்பினம். கிழக்கே தமிழ்நாட்டுச் சந்தையில் வாங்கி, வந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. முதுகிலும் விலாவிலும் தோல் வீங்கி வெடித்து நீர் வடிந்தது. காது தொங்கிவிட்டது. மேலெல்லாம் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் பூசியிருந்தது.

"வெயில்ல ஏன் கட்டியிருக்கு?" என்றேன்.

"புண்ணு உணங்கட்டும்னு கெட்டினேன்" என்றார் சரோஜம். "நேத்து காலையில கொஞ்சம்தான் இருந்தது. மருந்து தேச்சு வெயில்ல கெட்டினேன். சாயங்காலம் கூடிப்போச்சு. இன்னைக்குப் பின்னயும் கூடிப்போச்சு. ஆசிட் உள்ள தின்னுட்டே போவுது சாரே."

நம் பக்கத்தில் எல்லாரும் செய்வதுதான் இது. புண் என்றால் எண்ணெய் தேய்த்து வெயில் காட்டுவது. நானும் எத்தனையோ வீட்டில் அப்படிச் சொல்லியிருக்கிறேன்.

டாக்டரம்மா பசுவைச் சுற்றி நடந்தார். ஒரு விரலை வைத்துக் கறுப்பும் வெள்ளையும் சேரும் இடத்தில் வரைந்துகொண்டே போனார். நான் அந்த விரலைப் பார்த்தேன். விரலுக்கு இந்தப் பக்கம் வெள்ளை வெந்து கிடந்தது. அந்தப் பக்கம் கறுப்பு மினுமினு என்று இருந்தது. ஒரு இடத்தில் அல்ல, முதுகிலும் விலாவிலும் முழுக்க அப்படித்தான். உள்ளங்கை அளவு வெள்ளைப் புள்ளி ஒன்று கறுப்பின் நடுவில் இருந்தது. அதுவும் அதன் விளிம்பு வரைக்கும் வெந்திருந்தது. வெளியே ஒரு மயிர் கருகவில்லை.

"எறிஞ்சவன் கறுப்பையும் வெள்ளையையும் பார்த்தா எறிஞ்சான்?" என்று கேட்டார்.

"வெள்ளை லோலமான தோலு. அதான் வெந்துது" என்றான் ரவி.

டாக்டரம்மா குனிந்து வயிற்றுக்கு அடியில் பார்த்தார். மடியும் அடிவயிறும் வெள்ளை. ஒன்றும் ஆகவில்லை.

"மேல இருந்துல்ல எறிஞ்சது. அடியில எப்பிடிப் படும்?" என்றான் ரவி.

கழுத்துப் பட்டையை நகர்த்திக் காட்டினார். பட்டைக்குக் கீழே வெள்ளைத் தோல் சுத்தமாக இருந்தது.

"பட்டை மறைச்சிருக்கும்."

கண் இமையைப் புரட்டினார். உள்ளே மஞ்சள் பாய்ந்திருந்தது.

"ஆசிட் ரெத்தத்துல கலந்திருக்கும்."

அவன் சொன்னதில் தப்பு இருந்ததா? எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் கூட்டத்தில் "அதானே" என்று சத்தம் வந்தது. அவருக்கு நோய் தெரிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. சொன்னால் இவர்கள் கேட்கமாட்டார்கள் என்றும் விளங்கியது. ரவி கன்னாசைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு தென்னை மூட்டுக்கு நடந்தான். ஞானதாசன் கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார். ஒரு ஆள் அந்தக் கையைப் பிடித்து முன்னால் இழுத்தான்.

டாக்டரம்மா என்னிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "மாட்டை நிழலுக்கு மாற்றணும். உடனே."

நான் கயிற்றை அவிழ்த்தேன். அவிழ்த்ததும் எனக்கு ஒன்று தோன்றியது. யோசித்துச் செய்தேன் என்று சொல்லமாட்டேன்.

"ரவியே" என்று கூப்பிட்டேன். "பசு மிரளுது மக்கா. நான் பிடிச்சா நிக்காது. நீ திடமா இருக்கே. ஒண்ணு பிடி."

"வேற யாரும் இல்லியா?"

"உனக்க அக்காவுக்க பசுவுல்லா. விட்டா ரோட்டுக்குப் போயிரும்."

மிரண்ட மாட்டின் கயிறு ஒரு கையில் நிற்காது. அவன் கன்னாசைத் தரையில் வைத்தான். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தான். நான் கன்னாசை எடுக்கவில்லை. எடுத்தால் பார்ப்பான். காலால் கொஞ்சம் தள்ளிவிட்டு அதன் முன்னால் நின்றேன். அவ்வளவுதான் நான் செய்தது.

"அந்தப் பலா மூட்டுக்குக் கொண்டு போங்க" என்றார் டாக்டரம்மா.

அவன் இழுக்க வேண்டியதே இல்லை. பசு அவனை இழுத்துக்கொண்டு போனது. அடர்ந்த நிழல். உள்ளே நுழைந்ததும் தலை உதறுவது குறைந்தது. தோல் துடிப்பது குறைந்தது. கொஞ்ச நேரத்தில் பெருமூச்சு விட்டு நின்றுவிட்டது.

"கயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"லூசாட்டு இருக்கு" என்றான் ரவி.

"இனி வெயிலுக்குக் கொண்டு வாங்க."

பசு வரவில்லை. நாலு காலையும் ஊன்றியது. அவன் பலம் போட்டு இழுத்தான். முதுகில் வெயில் பட்டதும் அது கத்தியது. அந்தச் சத்தம் வேறு. பிரசவத்தில்கூட மாடு அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. கயிறு அவன் கையில் நடுங்கியது.

"ஆசிட் புண்ணு நிழல்லயும் எரியும்" என்றார் டாக்டரம்மா. "இது வெளிச்சம் பட்டால் மட்டும் எரியுது. உங்க கையில்தானே கயிறு இருக்கு, நீங்களே சொல்லுங்க."

"போதும் ரவியே! போதும்!" என்று சரோஜம் கத்தினார். ரவி பசுவைத் திரும்ப நிழலுக்கு விட்டான். கன்னாசைத் தேடி அவன் கண் போகவில்லை.

தீர்ந்தது என்று நினைத்தேன். தீரவில்லை.

"மாடு என்ன தின்றது?" என்று கேட்டுக்கொண்டே டாக்டரம்மா தொழுத்துக்கு, மாட்டுக் கொட்டிலுக்கு, பின்னால் போனார். ஒரு கட்டு வாடிய செடியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கொங்கிணி. உண்ணிச்செடி என்றும் சொல்வார்கள். இங்கே பிறந்த மாடு மோந்து பார்த்து விட்டுவிடும். வெளியூர் மாடு, பசி வேறு. தின்றிருக்கிறது. அது ஈரலைக் கெடுக்கும். இது எனக்குத் தெரிந்ததுதான். தோல் வேகும் என்று தெரியாது.

கூட்டத்தில் கோயில் கமிட்டிக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். "இது கையாலையில நின்ன செடியாக்கும். ஞானதாசன் நட்டது. அப்பம் அவன் வெட்டி இங்க போட்டான். ஆசிட் இல்லன்னா விஷம். ரெண்டும் ஒண்ணுதான்."

"அதானே" என்ற சத்தம் திரும்ப வந்தது. ஞானதாசனின் கையை விட்டிருந்தவன் மறுபடியும் பிடித்தான். ரோட்டில் நின்றவர்கள் வேலியைத் தாண்டி உள்ளே காலை வைத்தார்கள்.

தங்கப்பனும் முற்றத்தின் ஓரத்தில்தான் இருந்தார். அந்தச் செடிக்கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். சரோஜம் அவரைப் பார்த்தார். தங்கப்பன் வாய் திறக்கவில்லை.

"இவரு வெட்டினது" என்றார் சரோஜம்.

"என்னக்கா?" என்றான் ரவி.

"உனக்க அத்தான் வெட்டினது. ஞானதாசன் ஊருல இல்லாத அன்னைக்கு, வீம்புக்கு, கையாலை முழுக்க வெட்டி இழுத்து இங்க போட்டாரு. புல்லு இல்லேன்னு நான்தான் பசுவுக்கு முன்ன இட்டேன். யாரும் எறியல்ல. கையை விடுங்க எலே."

பிடித்தவன் விடவில்லை. சரோஜம் போய்த் தானே அந்தக் கையைப் பிரித்துவிட்டார். அன்று ராத்திரி அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. அவர் அதை எல்லாம் தெரிந்துதான் சொன்னார். எனக்கு அன்றைக்கு இருந்த துணிச்சலை விட அது பெரிது.

கூட்டம் கலையும்போது டாக்டரம்மா அவர்களை நிறுத்தி விளக்கினார். பாதிப் பேர் கேட்டார்கள். எனக்கு விளங்கிய அளவுக்கு எழுதுகிறேன்.

இலையில் பச்சை மட்டும் இல்லை. மஞ்சளும் உண்டு. பச்சைக்குள் மறைந்து இருக்கும், இலை பழுக்கும்போதுதான் தெரியும். வெளிச்சம் பட்டால் பச்சை உசும்பும், துள்ளி எழும். அந்த வேகத்தை வைத்துத்தான் செடி தன் ஆகாரத்தை உண்டாக்குகிறது. சில நேரம் வேகம் போக வழி இல்லாமல் பச்சையிலேயே தங்கிவிடும். அப்படித் தங்கின பச்சை காற்றைத் தொட்டால் காற்று விஷமாகி இலையையே சுட்டுவிடும். அதைத் தடுக்கத்தான் மஞ்சள் ஒட்டி நிற்கிறது. காற்றைத் தொடுவதற்கு முன்னே பச்சையிடம் இருந்து வேகத்தை வாங்கிக்கொள்ளும். வாங்கியதை வைத்துக்கொள்ளாது. கொஞ்சம் சூடாக விட்டுவிட்டுப் பழையபடி நிற்கும். யாரையும் சுடாது. தானும் கெடாது.

மாட்டின் வயிற்றில் பச்சை உடையும். உடைந்த பிறகும் வெளிச்சத்தில் உசும்பும் குணம் அதற்குப் போகாது. நல்ல ஈரல் அதைப் பித்தத்தில் வெளியே தள்ளிவிடும். கொங்கிணி தின்று ஈரல் கெட்டால் அது ரத்தத்தோடு தோலுக்கு வரும். கறுப்புத் தோல் வெளிச்சத்தைத் தானே விழுங்கிவிடும். வெள்ளைத் தோல் உள்ளே விடும். அங்கே பச்சை உசும்பும்போது ஒட்டி நிற்க மஞ்சள் இல்லை. தோல் வேகும்.

"மஞ்சள் வாங்கின வேகத்தை எவ்வளவு சீக்கிரம் விடும்?" என்று நான் கேட்டேன்.

டாக்டரம்மாவின் அக்கா தூரத்தில் ஒரு ஆராய்ச்சிக் கூடத்தில் அந்த மஞ்சளைத்தான் படித்துக்கொண்டிருந்தாராம். கடிகாரத்தால் அளக்க முடியாதாம். மின்னல் மாதிரி ஒரு வெளிச்சம் அடித்து அதை உசுப்பி, உடனே இன்னொரு மின்னல் அடித்து அது அடங்கிவிட்டதா என்று பார்ப்பார்களாம். மின்னல் அடிக்கும் மெஷின் போதாமல் இன்னும் சின்ன மின்னலுக்குக் காத்திருக்கிறார்களாம்.

ஒரு கூட்டத்தில் நீங்கள் நிற்க நேர்ந்தால் அந்த மஞ்சளை நினைத்துக்கொள்ளுங்கள். சூட்டை வாங்குங்கள். வைத்துக்கொள்ளாதீர்கள். எனக்குத் தெரிந்த புத்தி இதுதான்.

இன்னொன்றும் உண்டு. அடுத்த வருஷம் ஒற்றசேகரமங்கலத்தில் ஒரு வெள்ளாடு. வெள்ளைக் காது சிவந்து தலை உதறியது. வீட்டுக்காரர் பேரைக்கூடக் கேட்காமல் ஆட்டைத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் இருட்டில் விட்டேன். "எனக்க ஆட்டை எங்கவே கொண்டு போறீரு?" என்று அவர் கத்தினார். பிறகு பார்த்தால் அது உண்ணி கடித்த சிவப்பு. பரவாயில்லை. நிழலில் நின்று எந்த ஆடும் சாகவில்லை. முதலில் நிழல், பிறகு கேள்வி.

அன்றைய கதைக்கு வருகிறேன். பலா மரத்து நிழல் போதாது. நல்ல இருட்டு வேண்டும், குறைந்தது இரண்டு வாரம். தங்கப்பனின் தொழுத்து ஓலைக் கூரை, வானம் தெரியும். வீட்டிலும் இடம் இல்லை. ஜன்னல் இல்லாத கட்டடம் அந்தப் பக்கத்தில் ஒன்றுதான் இருந்தது. ஞானதாசன் ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் தகரப் புரை.

டாக்டரம்மா கேட்கத் தயங்கினார். நானும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவர் தங்கப்பன். அவர் தரையைப் பார்த்து நின்றார்.

ஞானதாசன் கிழிந்த சட்டையைத் தோளில் இழுத்துவிட்டார். தன் விளைக்கு நடந்து போனார். போய்விட்டார் என்று நினைத்தோம். கொஞ்சம் கழித்துப் புரையின் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. தொங்கப் போட்டிருந்த ஷீட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வெளியே கொடியில் போட்டார். அடுப்புச் சாம்பலை வாரிக் கொட்டினார். "புகை மணம் போகக் கொஞ்சம் நேரம் ஆகும்" என்று டாக்டரம்மாவிடம் மட்டும் சொன்னார்.

பசுவின் மேல் நனைந்த சாக்குகளைப் போர்த்தி ரவிதான் நடத்திக் கொண்டு போனான்.

உள்ளே கட்டிக் கதவைச் சாத்தினோம். இருட்டு. ஆனால் தகரத்தில் பழைய ஆணி ஓட்டைகள் இருந்தன. ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கம்பி மாதிரி வெயில் இறங்கியது. இரண்டு கம்பி பசுவின் முதுகில் விழுந்தது. அங்கே தோல் துடித்தது.

ஞானதாசன் தார் டப்பாவும் துணியும் எடுத்துக்கொண்டு கூரை மேல் ஏறினார். மேலே நின்றால் எது ஓட்டை, எது துரு என்று தெரியாது. உள்ளே நிற்கிறவனுக்குத்தான் தெரியும். நான் உள்ளே போகத் திரும்பினேன். அதற்குள் தங்கப்பன் உள்ளே போய்விட்டார்.

மேலே ஒருவர் காத்திருந்தார். கீழே ஒருவர் நின்றார்.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. தங்கப்பன் குரல்.

"கொஞ்சம் வடக்க."

மேலே தகரம் நெளிந்தது.

"இதா?"

"இல்ல. அதுக்கு இந்தப் பக்கம். ஆங். அதுதான்."